இரட்டைக் கருவிகளும் பிரிந்து ஓடும் தாளங்களும்: கிங் கிரிம்சன் கட்டிய இசை

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1994-இல் இரண்டு கிட்டார், இரண்டு பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்), இரண்டு டிரம்ஸ் என்று ஒவ்வொரு கருவியையும் இரட்டித்துக்கொண்டு மேடையேறியது ஏன், சத்தத்தைக் கூட்டுவதைத் தவிர அதனால் என்ன பயன், சிக்கலான தாளக் கணக்குகளில் ஓடும், இன்று மேத் ராக் என்று சொல்லப்படும் இசைக்கும் அதற்கும் என்ன உறவு, புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டு கேள்விகளையும் பிற்பகுதியில் எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். ஒரே குரல் கொண்ட இரண்டு கருவிகள் இருந்தால்தான், ஒரே மெட்டு நம் காது கேட்க இரண்டாகப் பிரிவதையும் சிறிது தூரம் விலகி ஓடி மறுபடி ஒன்றாவதையும் தெளிவாக உணர முடியும். அந்த வேலையை இந்தக் குழு மிகச் சிறப்பாகச் செய்தது 1981-இல், நான்கு பேர் மட்டும் இருந்தபோதுதான் என்பது என் கணிப்பு. பின்னால் ஆறு பேரானபோது கிடைத்த ஒலியின் கனம் பெரிது. ஆனால் தெளிவு குறைந்துபோயிற்று. ஏன் அப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால் தாளக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு தாளங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதில் இரு வகை உண்டு. முதல் வகையில், ஒரே கால அளவை ஒருவர் மூன்றாகவும் மற்றவர் நான்காகவும் பங்கிட்டு வாசிக்கிறார்கள். கையில் சதுஸ்ர (நான்கின்) நடையை வைத்துக்கொண்டு வாயில் திஸ்ரத்தில் (மூன்றில்) சொற்கட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. இருவரும் மிகச் சீக்கிரம் ஒருவரையொருவர் சந்தித்துவிடுவார்கள். இரண்டாவது வகையில், இருவருடைய மாத்திரைகளும், அதாவது தாளத்தை எண்ணும் சம அளவுள்ள அலகுகளும், ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒருவரின் சுற்று ஏழு மாத்திரையில் முடிகிறது, மற்றவரின் சுற்று எட்டு மாத்திரையில் முடிகிறது. முதல் சுற்று முடிந்ததுமே இருவருக்கும் இடையில் ஒரு மாத்திரை விலகல் வந்துவிடும். அடுத்த சுற்றில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று அது வளர்ந்துகொண்டே போய் ஒரு முழு வட்டம் ஆனபின்தான் மறுபடி சேருவார்கள். கர்நாடக இசையில் மிருதங்கக் கலைஞர் எவ்வளவு சிக்கலான கோர்வை (கணக்கிட்டுக் கோத்த முடிப்பு) வைத்தாலும் கையில் போடும் தாளம் ஒன்றே. கணக்கு முழுவதும் சமத்துக்கோ (தாளச் சுற்றின் முதல் அடி) எடுப்புக்கோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து சேர்வதில்தான் நிறைவு பெறுகிறது. கிங் கிரிம்சன் வாசித்த பல இடங்களில் அப்படி ஒரு பொதுச் சமம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தம் சுற்றின் தொடக்கமே சமம். அவை எங்கே சந்திக்கும் என்பதைக் கணக்கு ஒன்றுதான் முடிவு செய்கிறது.

இந்த இரண்டாவது வகைக்குத்தான் ஒரே மாதிரியான கருவிகள் தேவைப்படுகின்றன. வயலின் ஏழிலும் டிரம்ஸ் எட்டிலும் ஓடினால் நம் காது அவற்றைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரித்து வைத்துவிடும். விலகல் நடக்கிறது என்பது தெரியும், ஆனால் அது ஒரு மெட்டின் விலகலாகத் தோன்றாது. ஒரே நாதம் கொண்ட இரண்டு கிட்டார்கள் ஒரே சுர வரிசையை ஒன்றாக வாசிக்கும்போது நமக்குக் கேட்பது ஒரே கிட்டார். அதில் ஒருவர் ஒரு சுரத்தை விட்டுவிட்ட மறுகணம் அந்த ஒன்று இரண்டாகிறது. முதலில் எதிரொலி போலவும், பிறகு கேள்வி பதில் போலவும், இன்னும் விலகியபின் இருவருமே வாசிக்காத மூன்றாவது ஒரு மெட்டு நடுவில் எழுவது போலவும் கேட்கிறது. அந்த மூன்றாவது மெட்டு கேட்பவரின் காதில் மட்டுமே உருவாகிறது. இந்த இசையின் மேல் எனக்கு உள்ள பிடிப்பெல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இது ராக் இசைக்காரர்கள் முதன்முதலில் கண்டுபிடித்ததன்று. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1967-இல் எழுதிய 'பியானோ ஃபேஸ்' என்ற படைப்பில் இரண்டு பியானோக்கள் 12 சுரங்கள் கொண்ட ஒரே வரிசையை வாசிக்கத் தொடங்கும். ஒருவர் மிக நுட்பமாக வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு சுரம் முன்னே போய் நிற்பார், பின் இரண்டு சுரம், பின் மூன்று. இந்தோனேசியாவின் பாலித் தீவில், வெண்கலத் தாளக் கருவிகளைக் கூட்டமாக வாசிக்கும் கேமலான் இசையில் இந்தச் சிந்தனை இன்னும் பழையது, இன்னும் ஆழமானது. அங்கே கோத்தெகான் என்ற முறையில், ஒரு மெட்டின் சுரங்களை இரு கலைஞர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழுமாறு பின்னுகிறார்கள். தனி ஒருவர் கையால் எட்டவே முடியாத வேகம் அதனால் வாய்க்கிறது. அதோடு நில்லாமல், ஒவ்வோர் இணையிலும் உள்ள இரண்டு கருவிகளை வேண்டுமென்றே சிறிதளவு சுருதி வேறுபடுத்திச் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது எழும் அலைபோன்ற அதிர்வுதான் அந்த இசையின் உயிர். இரட்டிப்பு என்பதைச் சத்தத்தின் கணக்காகப் பார்ப்பது எவ்வளவு போதாது என்பதை உணர பாலி இசையை ஒருமுறை கேட்டால் போதும். கிங் கிரிம்சனின் தலைவரான கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் தமது 1981-ஆம் ஆண்டு இசையை ராக் கேமலான் என்றே குறிப்பிட்டார்.

குழுவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் லண்டனில் தொடங்கிய கிங் கிரிம்சன் பல முறை கலைந்து, பல முறை வேறு ஆட்களோடு பிறந்தது; எல்லாவற்றிலும் தொடர்ந்து இருந்தவர் ஃபிரிப் ஒருவரே. 1973-இல் வெளிவந்த 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' ஆல்பத்தில் பில் புரூஃபர்ட், ஜேமி மூயர் என இரண்டு தாளக் கலைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் கணக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தகடு, மணி, சங்கிலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து அதைக் கலைத்துக்கொண்டிருப்பார். 1974-இல் 'ரெட்' வெளிவந்த சமயத்தில் குழு கலைந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1981-இல், ஃபிரிப் புதிதாகச் சேர்த்த குழுவில் புரூஃபர்ட்டைத் தவிர மற்ற இருவரும் அமெரிக்கர்கள்: ஃபிராங்க் ஸாப்பா, டேவிட் போவி, டாக்கிங் ஹெட்ஸ் ஆகியோரோடு வாசித்துவிட்டு வந்த ஏட்ரியன் பெலூ, பீட்டர் கேப்ரியலோடு வாசித்துவந்த டோனி லெவின். டிசிப்ளின் என்ற பெயரில் தொடங்கிய அந்தக் குழு சீக்கிரமே கிங் கிரிம்சன் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. டிசிப்ளின் என்பது ஆல்பத்தின் பெயராக நின்றது.

தமக்கு இணையான இன்னொரு கிட்டார் கலைஞரை ஃபிரிப் குழுவுக்குள் கொண்டுவந்தது அதுதான் முதல் முறை. லெவினோ பேஸ் கிட்டாரோடு சாப்மன் ஸ்டிக் என்ற கருவியையும் எடுத்துவந்தார். எம்மெட் சாப்மன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அந்தக் கருவியில் பத்துத் தந்திகள். அவற்றை மீட்டுவதில்லை, இரண்டு கை விரல்களாலும் தந்திப் பலகையின் மேலேயே தட்டுகிறார்கள். ஒரு கை பேஸ் வாசிக்க, மறு கை மேல்சுரங்களை வாசிக்கலாம். ஆக, நான்கு பேர் இருந்த குழுவிலேயே ஒருவர் தனியாக இரண்டு கருவிகளின் வேலையைச் செய்தார். இதைச் சேர்த்துப் பார்த்தால், 1994-இல் வந்த இரட்டிப்பின் விதை 1981-லேயே விழுந்துவிட்டது தெரியும்.

'ஃபிரேம் பை ஃபிரேம்' என்ற பாடலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு கிட்டார் ஏழு மாத்திரை கொண்ட சுற்றில் ஓடுகிறது. இரண்டு சுற்றைச் சேர்த்தால் 14 சுரங்கள். இன்னொரு கிட்டாரும் அதே சுரங்களோடுதான் கிளம்புகிறது; ஆனால் அந்த 14-இல் ஒன்றை விட்டுவிட்டு 13-ஆக்கிச் சுற்றுகிறது. முதல் 13 சுரங்கள் வரை ஒரே கிட்டார் ஒலிப்பதாகத்தான் தோன்றும். பதினான்காவதில் முதல் கிட்டார் தன் சுற்றை முடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கிட்டார் அடுத்த சுற்றின் முதல் சுரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே மெட்டு விரிசல் விடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி ஒரு சுரம் கூடுகிறது. கணக்கின்படி முழு வட்டம் சுற்றி வந்தால் 182 சுரங்களுக்குப் பிறகு, ஒருவர் 13 சுற்றும் மற்றவர் 14 சுற்றும் முடித்த இடத்தில், இருவரும் மறுபடி ஒன்றாக நிற்பார்கள். ரைஷின் பியானோ மெதுவாக வழுக்கி நகர்கிறது. இங்கே வேகம் ஒரு துளியும் மாறுவதில்லை, ஒரு சுரத்தைக் கத்தரித்ததோடு சரி. வாசிப்பவர்களுக்கு இது மிகக் கடினமான வேலை. பக்கத்தில் ஒருவர் கிட்டத்தட்ட நாம் வாசிப்பதையே, அதே நாதத்தில், ஒரு சுரம் தள்ளி வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் போய்விடாமல் தம் பாதையிலேயே நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும், கேட்பதற்கு இணங்காமல் இருக்கவும் வேண்டும்.

'தெலா ஹுன் கிஞ்ஜீத்' என்ற பாடலின் கணக்கு இதைவிட எளியது. கேட்டவுடன் உடலில் ஏறுவது. டிரம்ஸும் பேஸும் நான்கடித் தாளத்தில், அதாவது எட்டு அரையடிகள் கொண்ட சுற்றில், நேராகப் போகின்றன. ஃபிரிப்பின் கிட்டார் ஏழு அரையடிச் சுற்றில் அவற்றின் மேல் ஓடுகிறது. 56 அரையடிகளில், கிட்டார் எட்டுச் சுற்றும் டிரம்ஸ் ஏழு சுற்றும் முடிக்கும்போது, இருவரும் சந்திக்கிறார்கள். ஆடத் தோன்றும் அளவுக்குத் தரை உறுதியாக இருப்பதால், அதன் மேல் கிட்டார் நழுவுவது மயக்கமூட்டுகிறதே தவிரக் குழப்பவில்லை.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'டிசிப்ளின்' என்ற கருவியிசையில்தான் இந்தக் கட்டுமானம் முழு அழகில் நிற்கிறது. அடியைக் கால்பங்காக்கினால் வரும் மாத்திரையை அலகாகக் கொண்டால், புரூஃபர்ட் 17 மாத்திரைகள் கொண்ட சுற்றை வாசிக்கிறார். காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மோ நான்கு மாத்திரைக்கு ஒன்று என்று சலிக்காமல் விழுந்துகொண்டிருக்கிறது. 17 என்பது நான்கு நான்குகளும் ஒன்றும் ஆதலால், கையின் சுற்று ஒவ்வொரு முறையும் காலின் அடியிலிருந்து ஒரு மாத்திரை தள்ளிப்போய், நான்கு சுற்றுக்கு ஒருமுறை சேர்கிறது. ஒரே மனிதரின் கைக்கும் காலுக்கும் இடையிலேயே இவ்வளவு நடக்கிறது. அதற்கு மேல் இரண்டு கிட்டார்களும் ஐந்தை அடிப்படையாகக் கொண்ட சிறு வடிவங்களைப் பின்னி, விலக்கி, மறுபடி பின்னுகின்றன. தனித்து நிற்கும் தனி ஆவர்த்தனம் ஒருவருக்கும் இல்லை. ராக் இசையில் கிட்டார் கலைஞர் முன்னே வந்து பறந்து காட்ட வேண்டிய இடத்தில், இருவரும் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு ஒருவருக்கொருவர் இடைவெளியாக இருக்கிறார்கள். இதைவிடச் சுத்தமான கூட்டு வாசிப்பை ராக் இசையில் நான் கேட்டதில்லை.

இந்தத் தெளிவு வாய்த்ததற்கு ஒரு கட்டுப்பாடும் காரணம். சிம்பலையும் (உலோகத் தட்டு) ஹை-ஹேட்டையும் (காலால் மூடித் திறக்கும் இணைத் தட்டுகள்) முடிந்தவரை விட்டுவிடுமாறு புரூஃபர்ட்டிடம் ஃபிரிப் கேட்டுக்கொண்டார். ராக் டிரம்ஸில் ஹை-ஹேட்தான் இடைவிடாமல் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருப்பது. சிம்பலின் நீண்ட ஒலி கிட்டாரின் மேல்சுரங்கள் இருக்கும் அதே உயரத்தில் பரவி அவற்றை மூடிவிடும். அந்த இரண்டும் விலகியதால் மேலே காலி இடம் கிடைத்தது, அங்கே இரண்டு கிட்டார்களின் சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. புரூஃபர்ட் தம் தாளத்தைத் தோல்முகங்களுக்கும் அப்போது புதிதாக வந்திருந்த சிம்மன்ஸ் எலெக்ட்ரானிக் டிரம்ஸுக்கும் மாற்றினார். இரட்டித்த கருவிகளுக்குக் கீழே ஒரே டிரம்ஸ், பெரும்பாலும் ஒரே பேஸ், மேலே வெற்றிடம். இந்த அமைப்பு மூன்று ஆல்பங்களுக்கு, அதாவது 1981, 1982, 1984 ஆகிய ஆண்டுகளில் வந்தவற்றுக்கு, அடித்தளமாக இருந்தது. பிந்தைய இரண்டும் முதலாவதன் உயரத்தை எட்டவில்லை என்றே நினைக்கிறேன். 1984 ஜூலையில் மான்ட்ரியல் நகரில் நடந்த கச்சேரியோடு குழு மறுபடி கலைந்தது.

அடுத்த பத்தாண்டில் ஃபிரிப் செய்த ஒரு வேலை 1994-ஐப் புரிந்துகொள்ள உதவும். 1985 முதல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிட்டார் கிராஃப்ட் என்ற பயிற்சி வகுப்புகளை நடத்தத் தொடங்கினார். மாணவர்கள் அக்கூஸ்டிக் கிட்டாரோடு வட்டமாக உட்கார்ந்து, ஒருவருக்கு ஒரு சுரம் என்று முறை வைத்து வட்டத்தைச் சுற்றி மெட்டை அனுப்புவது அங்கே ஒரு முக்கியப் பயிற்சி. யாருக்கும் மெட்டு சொந்தமில்லை. தம் முறை வரும்போது தம் சுரத்தைச் சரியான இடத்தில் வைப்பது மட்டுமே கடமை. அங்கிருந்து வந்தவர்தான் ட்ரே கன். 1993-இல் பாடகர் டேவிட் சில்வியனோடு ஃபிரிப் நடத்திய இசைப் பயணத்தில் கன்னும் டிரம்ஸ் கலைஞர் பாட் மாஸ்டலோட்டோவும் வாசித்தார்கள். 80-களின் நால்வரோடு இந்த இருவரும் சேர்ந்ததில் ஆறு பேர் கொண்ட குழு உருவானது. ஃபிரிப், பெலூ கிட்டார். லெவின், கன் பேஸும் ஸ்டிக்கும். புரூஃபர்ட், மாஸ்டலோட்டோ டிரம்ஸ். இரட்டை மூவர் என்ற பொருளில் டபுள் ட்ரியோ என்று அதை அழைத்தார்கள்.

1994-இல் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் 'வ்ரூம்' என்ற சிறு ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள், அதே ஆண்டு அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ் நகரில் முதல் கச்சேரிகளை நடத்தினார்கள், பிறகு இங்கிலாந்தின் ரியல் வேர்ல்ட் ஸ்டூடியோவில் 'த்ராக்' ஆல்பத்தைப் பதிந்து 1995 ஏப்ரலில் வெளியிட்டார்கள். 117 கிட்டார்கள் ஒரே சுரக்கூட்டைக் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் அடிப்பதுதான் த்ராக் என்று ஃபிரிப் ஒரு விளக்கம் தந்தார். அந்தக் 'கிட்டத்தட்ட' என்பதில்தான் இந்த ஆறு பேரின் ஒலி இருக்கிறது. இரண்டு டிரம்ஸ் ஒரே அடியை அடிக்கும்போது இம்மியளவு முன்பின் ஆகும். அந்தச் சிறு விரிவு அடிக்கு ஓர் அகலத்தையும் கனத்தையும் தருகிறது. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டி அதைப் பெற முடியாது.

டிரம்ஸ் இருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. மாஸ்டலோட்டோ தாளத்தைப் பிடித்து நிற்பார்; புரூஃபர்ட் அதன் மேல் வேறு சுற்றுகளை ஓட்டிப் பார்ப்பார், இடறுவார், கலைப்பார். 80-களின் மிஸ்டர் மிஸ்டர் என்ற பாப் குழுவில் வாசித்தவர் மாஸ்டலோட்டோ. அசையாத அடி அவருக்குக் கைவந்த கலை. இருவரின் உறவை அறிய 'பி'பூம்' என்ற பகுதி போதும். ஒருவரின் வடிவத்துக்குள் மற்றவரின் வடிவம் நுழைந்து, சிறிது நேரத்தில் யார் தரை, யார் மேல்தளம் என்றே சொல்ல முடியாதபடி மாறிவிடுகிறது. லெவினும் கன்னும் இரண்டு ஸ்டிக்குகளை வைத்துக்கொண்டு முன்னேற்பாடின்றி வாசித்த ஒரு பகுதியும் அர்ஜென்டினா பதிவில் இருக்கிறது; இரண்டு ஸ்டிக்குகளும் நான்கு கைகளும் உரையாடும் அந்தச் சில நிமிடங்கள் ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆனாலும் குறையைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் இரட்டித்ததால் தரையும் இரண்டாகிவிட்டது. விலகலைக் காது உணர வேண்டுமானால் எங்கேயாவது ஒன்று விலகாமல் இருக்க வேண்டும். கிட்டார்கள் இரண்டு, பேஸ் இரண்டு, டிரம்ஸ் இரண்டு என்று எல்லா மட்டங்களிலும் ஒரே நேரத்தில் பிரிவு நடந்தால் கேட்பவருக்குக் கனமான ஒரு திரள் மட்டுமே மிஞ்சுகிறது. அதிலும் பேஸின் தாழ்ந்த சுரங்களைக் காது நுணுக்கமாகப் பிரித்தறிவதில்லை. இரண்டு பேஸ் கருவிகள் அங்கே தனித்தனிப் பாதையில் ஓடினால் இரண்டுமே மங்கிப்போகின்றன. இது ஆறு பேருக்கும் தெரியாததன்று. அவர்கள் சிறப்பாக வாசித்த இடங்களில் எல்லாம் யாராவது இருவரோ மூவரோ கை கட்டி நிற்கிறார்கள், அல்லது ஆறு பேரும் ஒரே வடிவத்தை ஒன்றாக இடிக்கிறார்கள். 'த்ராக்' பாடலின் நடுவே 1995-ஆம் ஆண்டுக் கச்சேரிகளில் முன்னேற்பாடின்றி வாசித்தவற்றைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட 'த்ராக்கட்டாக்' ஆல்பத்தில் பொதுத் தரையே இல்லை. துணிச்சலான பதிவு அது. பொறுமையோடு கேட்பவருக்குப் பலன் உண்டு, புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

1997-இல் நாஷ்வில்லில் கூடிப் புதிய இசை அமைக்க முயன்றது கைகூடவில்லை. அதன்பின் ஆறு பேரும் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து புராஜெக்ட் என்ற பெயரில் வாசித்தார்கள். முதலாவது 1997 டிசம்பரில் லண்டன் ஜாஸ் கஃபேயில் நடந்தது. புரூஃபர்ட்டும் லெவினும் விலகிய பிறகு எஞ்சிய நால்வர் 2000-இல் வெளியிட்ட 'தி கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்' ஆல்பத்தின் தலைப்புப் பகுதியில் ஃபிரிப்பும் பெலூவும் ஒரே மெட்டின் சுரங்களை மாறி மாறி எடுத்துக் கோக்கிறார்கள். இரண்டு கிட்டார், கீழே ஒரே டிரம்ஸ் என்ற பழைய அமைப்புக்கு அவர்கள் திரும்பிய உடனே பின்னல் மறுபடி தெளிவாகக் கேட்கத் தொடங்குவதை என் கணிப்புக்குச் சான்றாகவே கொள்கிறேன்.

பிற்காலத்தில் அவர்கள் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு தீர்வும் கண்டார்கள். 2014-இல் ஏழு பேரோடு மேடையேறிய குழுவில் டிரம்ஸ் கலைஞர்கள் மட்டும் மூன்று பேர்: மாஸ்டலோட்டோ, கவின் ஹாரிசன், பில் ரீஃப்லின், பின்னர் ஜெரமி ஸ்டேசியும் வந்தார். மூவரையும் மேடையின் முன்வரிசையில் உட்கார வைத்து, கிட்டார்காரர்களைப் பின்னால் உயரமான மேடையில் அமர்த்தினார் ஃபிரிப். இங்கே மூன்று தாளங்கள் மோதவில்லை. ஒரே டிரம்ஸ் வாசிப்பை மூன்றாக அறுத்துப் பங்கிட்டது போல, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர், அவர் விட்ட இடத்தில் மூன்றாமவர் என்று எழுதி வைத்து வாசித்தார்கள். கிட்டார் கிராஃப்ட் வட்டத்தில் சுரம் சுற்றியதைப் போலவே அடி மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றியது. 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் நடந்த கச்சேரியோடு அந்தப் பயணம் முடிந்தது.

மேத் ராக்கோடு உள்ள உறவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயர் 90-களில் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்தது. லூயிவில்லின் ஸ்லின்ட், பிட்ஸ்பர்க்கின் டான் கபயேரோ போன்ற குழுக்கள் பங்க் இசையின் எளிய கருவிகளை வைத்துக்கொண்டே ஒற்றைப்படைத் தாளங்களிலும் குறுக்கே வெட்டும் சுற்றுகளிலும் வாசித்தன. கிங் கிரிம்சனை மேத் ராக் குழு என்று சொல்வது காலவழு. ஆனால் 'ரெட்' முதல் 'டிசிப்ளின்' வரை அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் அந்த இசை வந்தது என்று சொல்லலாம். டான் கபயேரோவின் இயன் வில்லியம்ஸ் பின்னர் பேட்டில்ஸ் குழுவிலும் செய்தது கவனிக்கத்தக்கது: லூப் கருவியில் தாம் வாசித்ததைப் பதிந்து ஓடவிட்டு, அதற்கு எதிராகத் தாமே வேறு சுற்றை வாசித்தார். இரண்டாவது கிட்டார் கலைஞருக்குப் பதில் இயந்திரம். நியூயார்க்கின் இசட்.எஸ். குழு தன் ஆரம்ப காலத்தில் இரண்டு சாக்ஸபோன், இரண்டு கிட்டார், இரண்டு டிரம்ஸ் என்ற அமைப்பையே வைத்திருந்தது. சுரங்களை மிகக் குறைத்து, மௌனத்தையும் எண்ணி வாசித்ததால் ஆறு பேர் இருந்தும் திரள் உருவாகவில்லை. பால்டிமோரின் ஹார்ஸ் லார்ட்ஸ் குழு பல சுற்றுத் தாளங்களோடு கிட்டாரின் மெட்டுக்கட்டைகளையே இயற்கைச் சுருதிக்கு (சுரங்கள் எளிய எண் விகிதங்களில் அமையும் முறை) ஏற்ப மாற்றி அமைத்துக்கொண்டது. இரண்டு கருவிகள் உரசும்போது எழும் அதிர்வையும் இசையின் பகுதியாக்கிய வகையில் அவர்கள் பாலிக்கு இன்னும் அருகே நிற்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை: 1981-இன் 'டிசிப்ளின்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். முதலில் 'தெலா ஹுன் கிஞ்ஜீத்'. காலால் டிரம்ஸின் நான்கடியைத் தட்டிக்கொண்டு, கிட்டாரின் ஏழை விரலில் எண்ணுங்கள். சந்திக்கும் இடத்தை இரண்டு முறை பிடித்துவிட்டால் போதும், பிறகு எண்ணத் தேவையிருக்காது. அடுத்து 'ஃபிரேம் பை ஃபிரேம்'. ஒரு கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு அது விலகும் கணம் வரை போங்கள். அடுத்த முறை மற்றதைப் பிடியுங்கள். மூன்றாவது முறை எதையும் பிடிக்காமல், நடுவில் எழும் மெட்டைத் தேடுங்கள். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய கடைசிப் பகுதியை அதற்குப் பிறகே கேட்பது நல்லது. 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாடலையே ஆறு பேர் குழுவும் 1994-இல் புவெனோஸ் ஐரிஸில் வாசித்தது. 'பி'பூம்' என்ற பெயரில் 1995-இல் வெளிவந்த நேரடிப் பதிவில் அது கிடைக்கிறது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் கிட்டார்களின் பின்னல் அதேதான். கீழே இன்னொரு டிரம்ஸும் இன்னொரு ஸ்டிக்கும் சேர்ந்ததில் எது கூடியது, எது மறைந்தது என்பதை உங்கள் காதே சொல்லும். என் கணிப்போடு நீங்கள் உடன்படாமலும் போகலாம்.